மௌனச்சாமியின் உதடு

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான்கு விசைத்தறிகளையும் ஒரு பீரோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பரந்தாமன் பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் குடிவந்தான். முன்னிருக்கையில் அவன் மனைவி கமலாவும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மோகனப்ரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். கமலாவின் மடி காலியாக இருந்தது. போன வருஷம் வரை அந்த மடியில் தேசப்பன் இருந்தான். இரண்டு வயதுப் பிள்ளை. மூளைக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டான். ஊரை மாற்றினால் துக்கம் மாறும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வாடகையா கேட்கப்போகிறது?

நந்தியாற்றுக்குப் போகிற சந்தில், மலை தெரிகிற மாதிரி ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னால் இரண்டு அறை. பின்னால் தறிகள் போட வாகாக நீண்ட கூடம். வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி மலைக்கோயிலுக்குப் பூ கட்டித் தருகிறவர். சாவியைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்.

“முன்னாடி இங்க ஒரு மௌனச்சாமி இருந்தாருங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசனதில்ல. ஆனா ஒதடு மட்டும் ஓயாது. தூங்கும்போதுகூட அசைஞ்சிக்கினே இருக்கும். போன ஆடியில, தோ, அந்தக் கூடத்து மூலையில ஒக்காந்தபடியே போய்ட்டாரு.”

“இன்னா ஜபம் அது?” என்று கேட்டாள் கமலா.

“யாருக்கும்மா தெரியும்? ஒதட்டப் பாத்து இன்னா சொல்றார்னு கண்டுபுடிக்க முடியுமா?” என்று சிரித்தார் சுந்தரமூர்த்தி.

அவரால் முடியாதுதான். பூக்காரருக்கு அந்தக் கல்வி எதற்கு? ஆனால் தறிக்கூடத்தில் வளர்ந்தவர்கள் கதை வேறு. நான்கு தறிகள் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரிலிருப்பவர் பார்த்துக்கொள்வார். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்து “குழம்புக்குக் கத்திரிக்காயா, முருங்கைக்காயா” என்று கமலா கேட்பாள்; இந்தக் கோடியில் இருந்து பரந்தாமன் பதில் சொல்வான். சத்தம் என்ற ஒன்று நடுவில் தேவையே இல்லை. மோகனப்ரியாவுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா வருவதற்கு முன்பே இந்தப் படிப்பு வந்துவிட்டது.

அத்தனை வருஷம் அந்தச் சாமியைக் கும்பிட்டுப் போனவர்களில் ஒருவருக்குக்கூட அவர் சொன்னதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த குடும்பம் ஒன்று அவர் செத்த பிறகு வந்து இறங்கியிருந்தது.

தறிகளைப் பூட்டி ஓடவிட்ட சில நாட்களிலேயே பரந்தாமன் ஒன்றைக் கவனித்தான். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி படியாத இடம் கிடையாது. ஓட்டில், ஒட்டடையில், தலைமயிரில் எல்லாம் வெள்ளையாகப் படியும். அந்த மூலையிலும் படிந்தது. ஆனால் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு மட்டும் தரை கறுப்பாகவே இருந்தது.

காற்று அடிக்கிற இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இயந்திர எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் அங்கே காய்ந்த வில்வ இலையின் வாசம் வருவதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். பிழைப்பு நடக்கவேண்டுமென்றால் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள முடியுமா?

பங்குனியில் ஒரு நண்பகல். வெயில் ஓட்டு இடுக்கில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. கமலா மூலைப்பக்கத் தறியில் இருந்தாள். நடுத்தறிகளில் கே.ஜி.கண்டிகையிலிருந்து வேலைக்கு வருகிற வேடியப்பன்.

சட்டென்று கரண்ட் போனது.

தறிகள் நின்றால் வருகிற அமைதி சாதாரண அமைதி அல்ல. காதுக்குள் யாரோ கையை விட்டு எடுத்ததுபோல இருக்கும். அந்த அமைதியில் கமலாவின் குரல் தனியாகக் கேட்டது.

“அப்பிடீங்களா?”

பரந்தாமன் திரும்பினான். கமலா மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் கேட்கிற பிள்ளையைப்போலத் தலையை ஆட்டினாள்.

“யார்கிட்ட பேசற?”

மூலையில் வெயில் கம்பி ஒன்றில் தூசி சுழன்றுகொண்டிருந்தது. பரந்தாமன் உற்றுப் பார்த்தான். தூசிக்கு நடுவில், ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், ஏதோ ஒன்று திறந்து மூடியது.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அங்கே ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி கமலா வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு வருஷமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனவள் மறுசோறு போட்டுக்கொண்டாள். பரந்தாமனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டான். பாவம், அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

தேசப்பனின் வெள்ளி அரைஞாணைக் கமலா எப்போதும் முந்தானை முடிச்சில் வைத்திருப்பாள். குளிக்கும்போதுகூட அவிழ்த்ததில்லை. சித்திரையில் ஒருநாள் முந்தானை வெறுமையாக இருந்தது.

“அரைஞாண் எங்க?”

“குப்பை வார்ற பொண்ணு நல்லாருக்குன்னு சொன்னா. குடுத்துட்டேன்.”

“நம்ம தேசப்பனோடது கமலா!”

“யாரோட தேசப்பன்?” என்று கேட்டாள். கோபமில்லை, அழுகையில்லை. “புள்ள பொறந்துது. புள்ள போச்சி. எல்லாம் நடக்குது. யாருக்கும் நடக்கலங்க. இத்த தெரிஞ்சுக்காம ஒரு வருசம் அழுதுகினு கெடந்தேன் பாருங்க.”

பரந்தாமனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அவள் அழுகையை நிறுத்த வேண்டும் என்று அவன் வேண்டாத சாமியில்லை. ஆனால் அழுகை நின்ற விதம் அவனுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை செத்தது ஒரு தடவை. இப்போது பெற்றவளே அவன் யாருக்கும் பிறக்கவில்லை என்கிறாள். அந்தத் துக்கம் இரண்டு பேருக்குமான சொத்து. தன் பங்கை அவள் தெருவில் கொட்டிவிட்டு வந்து நின்று சிரித்தாள்.

“எவன் சொல்லிக் குடுத்தான் ஒனக்கு?”

“சொல்றவர்னு யாரும் இல்லங்க,” என்றாள் கமலா. “சொல்றது நடக்குது.”

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். அது பெண்டுகளுக்குச் சொன்னது. கட்டியவளே பேயின் பக்கம் போய்விட்டால் ஆண்பிள்ளை எந்த மரத்தில் ஏறுவது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

வேடியப்பனுக்கு அது எப்போது வந்தது என்று தெரியாது. ஊரில் அண்ணனோடு வரப்புத் தகராறு என்று தினமும் புலம்புகிறவன், ஒரு வாரமாக அதைப் பேசவில்லை. பரந்தாமன் நல்லதென்று நினைத்தான். பிறகு கண்டிகையிலிருந்து ஆள் வந்து, வேடியப்பனின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், வந்து ஒரு வாய் கஞ்சி ஊற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான்.

“பசிக்குது, ஆங்,” என்றான் வேடியப்பன் அமைதியாக. “யாருக்கும் பசிக்கல.” திரும்பி இழையை முடிந்தான்.

அப்போதுதான் பரந்தாமன் பயந்தான். முதல் வேலையாக மகளைத் தறிக்கூடத்துப் பக்கம் வரவிடாமல் செய்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போய்ப் பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கவேண்டும். அவன் வந்து அழைத்துப்போனால்தான் வீடு. கைவசமிருந்த லுங்கி ஆர்டரை நெய்து கொடுத்துவிட்டால் ஆடிக்குள் வீட்டைக் காலி செய்துவிடலாம். தேசப்பன்தான் போய்விட்டான். இவளாவது தன் மகளாக, ‘நைனா’ என்று கூப்பிட்டால் அந்தக் கூப்பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறவளாக மிஞ்சவேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கமலாவின் தம்பி கௌதமன் அரக்கோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார், விஞ்ஞானப் பாடம். பேய், பிசாசு, சாமியாடி என்றால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான். பரந்தாமன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“பேயும் இல்ல, சாமியும் இல்ல பாவா. இப்ப கம்ப்யூட்டர்ல வைரஸ்னு பேப்பர்ல போடறான் பாத்தீங்களா, அதுமாதிரி மனசுலயும் உண்டு. ஒரு கருத்து ஒருத்தன் மண்டையில ஏறும். அவன் வாய்வழியா அடுத்தவன் மண்டைக்குப் போவும். துக்கம் புடிச்ச மனசுன்னா சீக்கிரம் ஒட்டும். அக்காவுக்கு ஒட்டனது அப்படித்தான்.”

“அப்ப அவ சொல்றது பொய்தான?”

“பொய்யா நெசமாங்கறது வைரசுக்கு முக்கியமே இல்ல பாவா. ஒட்டணும், பரவணும். அவ்ளோதான்.”

“எனக்கு ஏன் ஒட்டல?”

கௌதமன் கொஞ்சம் யோசித்தான். “ஒங்களுக்குக் கோவம் இருக்குது. ‘எம்புள்ள, எம்புள்ள’ன்னு உள்ள எரிஞ்சிகினு இருக்குது. அதான் தடுப்பூசி. அத்த விட்டுடாதீங்க. அக்காவ நான் பாத்துக்கறேன். கேள்வி மேல கேள்வி கேட்டா தானா கழண்டுடும்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கௌதமன் முன்னறையில் அக்காவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மத்தியானம் முழுக்க அவன் குரல்தான் கேட்டது. “யாருக்கும் நடக்கலன்னா, அத்த சொல்றது யாரு, அக்கா?” “செய்யறவன் இல்லன்னா திருடனப் புடிச்சி உள்ள போடலாமாக்கா?” நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கமலாவின் குரல் சன்னமாக ஏதோ சொன்னது. அவளை மடக்குவதற்காக அவள் சொன்னதைக் கௌதமன் திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

வெயில் தாழ்வதற்குள் வெளியே வந்தான். முகம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் தார் ரோட்டில் இறங்கினான். சித்திரை வெயிலில் ரோடு உருகிக்கொண்டிருந்தது.

“கௌதமா, செருப்பு! காலு வெந்துடும்டா!”

அவன் திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தான்.

“யாருக்கு சுடுது பாவா?”

அவன் வைத்த அடிகள் தாரில் பதிந்தன. அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, மறுநாள் காலையில் பிள்ளைகள் நிரம்பிய தன் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று பரந்தாமன் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியமில்லை.

அன்றிரவு கமலாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான். “இனிமே இத்தப் பத்தி வாயத் தொறக்காத. ஒன்ன கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஆங்,” என்றாள் அவள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. யாரிடமும்.

பேச்சுத்தான் நின்றது. உதடு நிற்கவில்லை. சோறு வடிக்கும்போதும், இழை முடியும்போதும், தூங்கும்போதும் அசைந்துகொண்டே இருந்தது. பரந்தாமன் தன் வீட்டில் தரையைப் பார்த்தபடியே நடக்கப் பழகினான். மனைவியின் பாதங்கள் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தன. தினமும் விடிந்ததும் தேசப்பன் முகத்தை வலிய நினைவுக்குக் கொண்டுவருவான். வலிக்கும். அப்பாடா, இன்னும் வலிக்கிறது என்று எழுந்திருப்பான். வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒருவன் வாழ்வதெல்லாம் ஒரு வாழ்வா?

ஆனி மாதத்தில் ஒருநாள், நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். யாரோ பெரிய மனிதர் செத்துப்போனார் என்று பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். சுந்தரமூர்த்தி பூ கொடுக்க மலைக்குப் போயிருந்தார், வீடு பூட்டிக்கிடந்தது. மோகனப்ரியா வேறு எங்கே போவாள்? அம்மாவிடம் போனாள்.

பரந்தாமன் சந்தில் திரும்பும்போதே தறிச்சத்தம் கேட்டது. நான்கும் சீராக ஓடின. கூடத்துக்குள் நுழைந்தான்.

மூலைத்தறியில், ஊடை நூலோடு குறுக்கே பாய்கிற நாடா இல்லை. இழைகள் கொத்தாக அறுந்து தொங்கின. அந்தக் கட்டை நாடா இரும்பு முனையோடு பறந்துபோய்ச் சுவரோரம் கிடந்தது.

மோகனப்ரியா தறிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். புருவம் பிளந்து, ரத்தம் கன்னத்தில் வழிந்து, சீருடைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

யாரும் தறியை நிறுத்தவில்லை.

கமலா நாடா இல்லாத தறியின் முன் நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேடியப்பனும் பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் உதடும் ஒரே நேரத்தில் திறந்தன, ஒரே நேரத்தில் மூடின. அந்த மூலையில் தூசி எழும்பி எழும்பி அடங்கியது, அதே தாளத்தில்.

பரந்தாமன் மகளின் வாயைப் பார்த்துவிட்டான். அவள் கத்துகிறாளோ என்றுதான் பார்த்தான்.

அவள் கத்தவில்லை.

பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் நல்ல மனிதர். தையல் போட்டுவிட்டு, “இவ்ளோ தைரியமான குழந்தைய நான் பாத்ததே இல்ல. ஒரு சத்தம்கூட போடல,” என்று தட்டிக்கொடுத்தார். குழந்தைகள் வார்டில் இடமில்லை என்று பொது வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தான். அவன் மனைவி ஞானம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். பினாயில் வாசம். ஜன்னலில் நல்ல வெயில்.

“வலிக்குதாம்மா?”

“வலிக்குது நைனா.”

பரந்தாமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளைக்கு வலிக்கிறது! அத்தோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனசு விட்டதா?

“யாருக்கு வலிக்குது?”

மோகனப்ரியா கணக்குப் போடுகிறவளைப்போலக் கொஞ்சம் யோசித்தாள்.

“யாருக்கும் இல்ல.”

“எனக்குன்னு சொல்லு.”

அவள் ஜன்னல் வெயிலைப் பார்த்தாள்.

“எனக்குன்னு சொல்லும்மா. ஒனக்குத்தான் வலிக்குது. ஒனக்குத்தான்!”

கோபம்தான் தடுப்பூசி என்று கௌதமன் சொன்னது ஞாபகம் வந்தது. வலித்தால் கோபம் வரும். கோபம் வந்தால் ‘நான்’ வரும். பரந்தாமன் அவள் முழங்கையைக் கிள்ளினான். சதை சிவந்தது. இன்னும் அழுத்திக் கிள்ளினான். அவள் அதை வேடிக்கை பார்த்தாள்.

“சொல்லுடி!”

பளீர் என்று அறைந்தான். தையல் போட்ட பக்கம். கட்டுத்துணியில் சிவப்பு ஊறியது. மறுபடியும் கையை ஓங்கினான்.

“ஐயோ! நீ மனுசனாய்யா?” ஞானம்மாள் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பச்சப் புள்ளயப் போட்டு அடிக்கிற! கை எப்பிடிய்யா வந்துது ஒனக்கு?”

பரந்தாமன் அந்தக் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் ரத்தம் இருந்தது. வெட்கம் வரவேண்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவசரமாகத் தேசப்பனை நினைத்தான். முகம் வந்தது. காய்ச்சலில் கொதித்த அந்தச் சின்ன நெற்றி வந்தது. வலிகூட வந்தது. வந்து, சொந்தக்காரன் இல்லாத மாடு சந்தைத்திடலில் நிற்பதுபோலச் சும்மா நின்றது. ஓட்டிக்கொண்டு போக ஒருவரும் இல்லை. தேடித்தேடிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

என்ன நிம்மதி.

“யாருய்யா நீ? இந்தப் புள்ளைக்கு நீ இன்னா ஆவணும்?” என்று உலுக்கினாள் ஞானம்மாள்.

“அடி விழுந்துது,” என்று இதமான குரலில் சொன்னான் அவன். “யாரும் அடிக்கலம்மா.”

கட்டிலில் மோகனப்ரியா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஞானம்மாள் கையை உதறிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போனாள். ஆத்திரம் அடங்கவில்லை. எதிர்க்கட்டில்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “கேட்டியாடி அக்கிரமத்த? அடி விழுந்துதாம். யாரும் அடிக்கலியாம். எப்பிடிப் பேசறான் பாரு!” எதிர்க்கட்டில்காரி வாயில் கைவைத்துக்கொண்டு, தன் புருஷனிடம் அதைச் சொன்னாள். ஞானம்மாள் நர்ஸிடம் சொன்னாள். விசிறியை எடுத்தபடி, தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். அடி விழுந்துது. யாரும் அடிக்கல.

“தண்ணி,” என்று முனகினான் அவள் புருஷன். “நாக்கு வறளுது, ஞானம்.”

அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டாள். அவன் தலையைக் கொஞ்சம் தூக்கி வாயைத் திறந்தான்.

“ஞானம்... தண்ணி...”

டம்ளரைக் கையில் பிடித்தபடி ஞானம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.